5 எழுத்து இருக்கற ஃபைலுக்கு என் சி புரோகிராம் 33னு சொல்லுது, ஏன்?

கத்துக்குட்டி_ஒருத்தன்:
எல்லாருக்கும் வணக்கம். சி இப்போ தான் படிக்க ஆரம்பிச்சிருக்கேன், டெக்ஸ்ட் ஃபைல்ல எத்தனை எழுத்து இருக்குனு எண்ணற புரோகிராம் எழுதணும். டெஸ்ட் பண்ண ரெண்டே வரில ஒரு ஃபைல் வச்சிருக்கேன், முதல் வரி "தமிழ்", ரெண்டாவது வரி "யாழ்", ரெண்டு வரி முடிவுலயும் என்டர் தட்டியிருக்கேன். விரல் விட்டு எண்ணினா த, மி, ழ், யா, ழ், மொத்தம் 5.

என் புரோகிராம் 33னு சொல்லுது. ரைட் கிளிக் பண்ணி ப்ராபர்ட்டீஸ் பாத்தா 34 பைட்ஸ். ஃப்ரெண்டு ஒருத்தன் பைத்தான்ல யூடிஎஃப்-8னு என்கோடிங் (எழுத்தை பைட்டா மாத்தி வைக்கற முறை) குடுத்து படிச்சு, நீளம் சொல்ற லென் போட்டான், 12. அதே ஃபைலை லினக்ஸ்ல கொண்டுபோய் டபிள்யூசி மைனஸ் எம்னு எண்ணிச் சொல்ற கமாண்ட் போட்டா 14. யாரை நம்பறதுனே தெரியல.

மொபைல்ல இருந்து டைப் பண்றதால கோடை அப்படியே போட முடியல, தமிழ்ல சொல்றேன். மெஷின் விண்டோஸ், ஃபைல் நோட்பேட்ல சேவ் பண்ணது.

ஃபைலை சும்மா ரீட் மோட்ல திற
எஃப்இஓஎஃப் (ஃபைல் முடிஞ்சுதானு சொல்றது) வராத வரைக்கும்:
    சார் டைப் வேரியபிள்ல எஃப்கெட்சி வச்சு ஒண்ணு படி
    கவுன்ட்டை 1 கூட்டு
கவுன்ட்டை பிரின்ட் பண்ணு

இவ்ளோ தான். இதுல எங்க தப்பு பண்ண முடியும்னே புரியல.

பைட்_பாண்டி:
5, 12, 14, 34 நாலும் சரி. 33 மட்டும் தான் தப்பு 😀

கத்துக்குட்டி_ஒருத்தன்:
அண்ணா விளையாடாதீங்க, நாளைக்கு காட்டணும்

பழைய_யூனிக்ஸ்காரன்:
பாண்டி விளையாடல தம்பி, அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. ஒரு பேப்பரை எடுத்துக்கோ, உன் ஃபைலை பைட் பைட்டா பிரிச்சுப் பாப்போம், எல்லா நம்பரும் தானா வெளில வந்துடும்.

யூடிஎஃப்-8ல தமிழ் யூனிக்கோட் குறி (எழுத்துக்கோ அதோட உறுப்புக்கோ குடுத்திருக்கற ஒரு நம்பர்) ஒவ்வொண்ணும் 3 பைட். "தமிழ்"ங்கறது உள்ள த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளினு 5 குறியா இருக்கும், அப்போ 15 பைட். "யாழ்"ல ய, கால், ழ, புள்ளி, 4 குறி, 12 பைட். விண்டோஸ்ல என்டர் தட்டினா 13, 10னு ரெண்டு பைட் விழும், ரெண்டு வரிக்கு 4. 15ம் 12ம் 4ம் 31 தான் ஆச்சு, ஆனா உன் ஃபைல் 34. அந்த மிச்ச 3 நோட்பேட் ஃபைல் தலைல வச்ச பிஓஎம், இது யூனிக்கோட் ஃபைல்னு காட்டற அடையாளம், 239, 187, 191னு மூணு பைட். விண்டோஸ் 10 1903 பதிப்புக்கு முன்னாடி இருந்த நோட்பேட்ல யூடிஎஃப்-8னு சேவ் பண்ணாலே இது ஒட்டிக்கும், அதுக்கப்புறம் வந்ததுல பிஓஎம் இல்லாதது தான் டிஃபால்ட், வேணும்னா தனியா தேர்ந்தெடுக்கணும். ஆக 34 கணக்கு தீந்துச்சு.

இப்போ 14. டபிள்யூசி மைனஸ் எம் யூனிக்கோட் குறிகளை எண்ணும் (லோக்கேல், அதாவது மெஷினோட மொழி செட்டிங், யூடிஎஃப்-8ஆ இருக்கணும், இல்லேன்னா இதுவும் பைட்டை தான் எண்ணும்). பிஓஎம் மூணு பைட்டா இருந்தாலும் குறினு பாத்தா ஒண்ணு. 1 + 5 + 2 + 4 + 2 = 14. பைத்தான் ஃபைலை டெக்ஸ்ட்டா படிக்கும்போது 13, 10 ஜோடியை ஒரே வரிமுறிவா மாத்திடும், அதனால ரெண்டு குறைஞ்சு 12. உன் ஃப்ரெண்டு யூடிஎஃப்-8-சிக்னு என்கோடிங் குடுத்திருந்தா பிஓஎம்மும் கழண்டு 11 வந்திருக்கும்.

கடைசியா உன் 33. விண்டோஸ்ல சும்மா ரீட் மோட்ல திறந்தா சி லைப்ரரியும் அதே வேலை தான் பண்ணும், 13, 10ஐ ஒத்தை 10 ஆக்கி குடுக்கும். அப்போ 32 வரணும். உனக்கு ஒண்ணு கூட வந்ததுக்கு காரணம் எஃப்இஓஎஃப். அது எதிர்காலத்தை சொல்ற ஜோசியர் கிடையாது, ஏற்கனவே படிச்சுப் பாத்து தோத்ததுக்கு அப்புறம் தான் முடிஞ்சுபோச்சுனு சொல்லும். கடைசி பைட்டை படிச்சு முடிச்சதும் லூப் இன்னொரு தடவை உள்ள போகுது, எஃப்கெட்சி ஒண்ணும் கிடைக்காம திரும்புது, நீ அதையும் சேத்து எண்ணிட்ட. 32 + 1.

கத்துக்குட்டி_ஒருத்தன்:
ஐயோ சூப்பர் சார்!! காலி ஃபைலுக்கும் 1னு காட்டிச்சு, அதுக்கும் இதே காரணமா?

பழைய_யூனிக்ஸ்காரன்:
அதே தான். காலி ஃபைலுக்கு 0 வருதானு தான் இந்த மாதிரி புரோகிராமுக்கு முதல் டெஸ்ட்டே. ரெண்டாவது டெஸ்ட் ஒரே ஒரு எழுத்து, என்டர் இல்லாம.

சரியான உருவம் இது:

ஃபைலை பைனரி ரீட் மோட்ல திற
திறக்கலேன்னா சொல்லிட்டு நிறுத்து
பைட் = அடுத்தது (இன்ட் டைப்!)
பைட் இஓஎஃப் இல்லாத வரைக்கும்:
    கவுன்ட்டை 1 கூட்டு
    பைட் = அடுத்தது

இன்ட்னு போட்டதுக்கு பக்கத்துல ஆச்சரியக்குறி ஏன்னா, நீ சார் டைப் வச்சிருக்க. இப்போ இருக்கற உன் லூப்ல அதை யாரோடயும் ஒப்பிடல, அதனால கடிக்கல. இஓஎஃப்போட ஒப்பிட ஆரம்பிச்ச உடனே கடிக்கும். எஃப்கெட்சி குடுக்கறது 0லருந்து 255 வரைக்கும் ஒரு நம்பர், இல்லேன்னா ஃபைல் முடிஞ்சதுனு சொல்ற இஓஎஃப், அது பொதுவா மைனஸ் 1. மொத்தம் 257 விதமான பதில். 8 பிட் சார்ல 256 தான் அடங்கும். சார் சைன்டா (மைனஸ் நம்பரும் வைக்கற மாதிரி) இருக்கற கம்பைலர்ல 255ங்கற பைட் வந்தா அது மைனஸ் 1 ஆகி பாதி ஃபைல்லயே நின்னுடும்.

இதுல ஒரு கூத்து என்னன்னா ஒழுங்கான யூடிஎஃப்-8 ஃபைல்ல 255ங்கற பைட் வரவே வராது. அதனால தமிழ் ஃபைலா டெஸ்ட் பண்ணிட்டே இருந்தா பிழை வருஷக்கணக்குல தூங்கும், ஒருநாள் யாராவது ஒரு படத்தையோ ஜிப் ஃபைலையோ குடுப்பாங்க, அப்போ எழுந்திருக்கும். அதே கோடை ஏஆர்எம் லினக்ஸ்ல கம்பைல் பண்ணா அங்க சார் அன்சைன்ட், இஓஎஃப் 255 ஆயிடும், மைனஸ் 1க்கு சமமாவே ஆகாது, லூப் நிக்கவே நிக்காது. ஒரே பிழை ரெண்டு மெஷின்ல ரெண்டு விதமா ஆடும்.

பைட்_பாண்டி:
பைனரி மோட் வேணும்னு சொன்னதுக்கு இன்னொரு காரணம், விண்டோஸ் டெக்ஸ்ட் மோட்ல 26ங்கற பைட் வந்தா அதோட ஃபைல் முடிஞ்சதுனு எடுத்துக்கும். பழைய டாஸ் காலத்து சொத்து. எண்ணற புரோகிராம் டெக்ஸ்ட் மோட்ல இருக்கவே கூடாதுனு நான் சொல்வேன்.

சோம்பேறி_கோடர்:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு?? பைத்தான்ல ஒரு வரி. திற, படி, லென், முடிஞ்சுது. 2025க்கு மேலயும் எஃப்கெட்சி பத்தி பக்கம் பக்கமா பேசறீங்களே

நிலாக்கா:
சோம்பேறி தம்பி, அந்த ஒரு வரியை என்கோடிங் குடுக்காம விண்டோஸ்ல ஓட்டிப் பாருங்க. 3.15க்கு முந்தின பைத்தான் அந்த மெஷினோட லோக்கேல் என்கோடிங்கை எடுத்துக்கும், நிறைய மெஷின்ல அது 1252னு ஒரு மேற்கத்திய கோட்பேஜ். அதுல 141ங்கற பைட்டுக்கு அர்த்தமே கிடையாது. நம்ம புள்ளி யூடிஎஃப்-8ல 224, 175, 141. அதாவது ஃபைல்ல ஒரே ஒரு மெய்யெழுத்து இருந்தா போதும், யூனிக்கோட் டீகோட் எரர்னு சிவப்பா கத்தும். புள்ளி இல்லாத ஒரு குட்டி ஃபைலா இருந்தா இன்னும் மோசம், கத்தாமலே மூணு மடங்கு எண்ணிக்கை குடுக்க வாய்ப்பிருக்கு. ஒரு வரி தான், ஆனா அந்த வரில என்கோடிங் இருக்கணும்.

கத்துக்குட்டி, உங்களுக்கு கேள்வி குடுத்தவங்க என்ன எண்ணச் சொன்னாங்க? அதை கேட்டீங்களா? பைட்டா, யூனிக்கோட் குறியா, இல்ல நாம விரல் விட்டு எண்றதா? சி பாடத்துல வர்ற இந்த பயிற்சி முக்கால்வாசி பைட் எண்ற பயிற்சி தான், ஆங்கில ஃபைலை வச்சு பண்ணா மூணும் ஒரே நம்பர் தரும், யாருக்கும் வித்தியாசமே தெரியாது. நீங்க தமிழ் ஃபைலை வச்சதால தான் இத்தனையும் வெளில வந்துச்சு. அது நல்லது தான்.

கத்துக்குட்டி_ஒருத்தன்:
அக்கா, "எத்தனை எழுத்து"னு மட்டும் தான் இருக்கு. நான் மூணையும் காட்டிடலாம்னு பாக்கறேன். பைட் ஓகே, இப்போ 34 வந்துடுச்சு. யூனிக்கோட் குறி எண்ண வைட் கேரக்டர் வச்சு எஃப்கெட்டபிள்யூசினு ஒண்ணு இருக்காமே, அதை போட்டேன், 14 வரல.

பழைய_யூனிக்ஸ்காரன்:
செட்லோக்கேல் கூப்பிட்டியா? புரோகிராம் ஆரம்பிக்கும்போது சி லோக்கேல்னு ஒரு பழங்கால நிலைமைல தான் இருக்கும், அதுல தமிழ் பைட்டுகளை ஒரே குறியா சேத்துப் பாக்க அதுக்குத் தெரியாது. செட்லோக்கேல் போட்டாலும் விண்டோஸ்ல அந்த வைட் கேரக்டர் 16 பிட், லினக்ஸ்ல 32 பிட், அதுல வேற வேற கதை. அந்தப் பக்கமே போகாத. பைட்டை வச்சே எண்ணலாம்.

யூடிஎஃப்-8ஐ கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992ல வடிவமைச்சப்போ ஒரு அருமையான காரியம் பண்ணாங்க. ஒரு குறியோட முதல் பைட்டும் தொடர்ற பைட்டும் எப்பவும் வேற வேற எல்லைல தான் இருக்கும். தொடர்ற பைட் எல்லாம் 128லருந்து 191க்குள்ள. முதல் பைட் அந்த எல்லைக்குள்ள வரவே வராது. அதனால ஃபைலோட நடுவுல கண்ணை மூடிக்கிட்டு எங்க குதிச்சாலும் அடுத்த குறி எங்க ஆரம்பிக்குதுனு கண்டுபிடிச்சுடலாம். உனக்கு வேண்டியது ஒரே ஒரு இஃப்:

பைட் 128க்கும் 191க்கும் நடுவுல இல்லேன்னா குறி கவுன்ட்டை 1 கூட்டு

அவ்வளவு தான். டீகோட் பண்ணவே வேணாம். உன் ஃபைலுக்கு 14 வரும்.

கத்துக்குட்டி_ஒருத்தன்:
14 வந்துடுச்சு!!! டபிள்யூசியோட மேட்ச் ஆகுது

சோம்பேறி_கோடர்:
சரி ஒத்துக்கறேன் அழகா இருக்கு. ஆனா 5 எப்படி வரும், அதுக்கு பெரிய லைப்ரரி வேணுமே

நிலாக்கா:
பொதுவா எல்லா மொழிக்கும் எண்ணணும்னா யூனிக்கோட் சொல்ற கிராஃபீம் கிளஸ்டர் (கண்ணுக்கு ஒரே எழுத்தா தெரியற குறிக்கூட்டம்) விதிகள் வேணும், அதுக்கு லைப்ரரி தான் நல்லது. ஸ்விஃப்ட் மொழில ஸ்ட்ரிங்கோட கவுன்ட் போட்டா தானாவே அப்படி தான் எண்ணும், "தமிழ்"னா 3னு சொல்லும். ஜாவாலயும் ஜாவாஸ்கிரிப்ட்லயும் லெங்த் போட்டா 5 வரும். அதுங்க எண்ணறது 16 பிட் துண்டுகளை, தமிழ் குறி ஒவ்வொண்ணும் ஒரு துண்டுல அடங்கிடறதால இங்க குறி எண்ணிக்கையும் அதுவும் ஒண்ணா இருக்கு. ஆனா 2019ல யூனிக்கோட் 12ல தமிழ் பின்னங்கள், பழைய அளவைக் குறிகள் எல்லாம் தனி இடத்துல சேத்தாங்க, அது ஒவ்வொண்ணும் அங்க 2 துண்டு, யூடிஎஃப்-8ல 4 பைட். பழைய கணக்கு ஓலைகளை டைப் பண்றவங்களுக்கு இது நிஜமாவே வரும்.

பைத்தான்ல தமிழுக்குனே ஓப்பன் தமிழ்னு ஒரு லைப்ரரி இருக்கு, கெட் லெட்டர்ஸ்னு கூப்பிட்டா எழுத்து எழுத்தா பிரிச்சுக் குடுக்கும்.

ஆனா தமிழ் மட்டும் தான்னா சி-லயே சுலபமா பண்ணலாம். யூனிக்கோட்ல தமிழுக்கு ஒதுக்கினது 2944லருந்து 3071 வரைக்கும் 128 இடம், அதுல 72 தான் நிரம்பியிருக்கு. உயிர், ஆய்தம், அகரமேறிய மெய் எல்லாம் 2947லருந்து 3001க்குள்ள. கால், கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் 3006லருந்து 3021க்குள்ள. நம்ம 247 எழுத்துல எதை எடுத்தாலும் அதுல முதல் வகை குறி ஒண்ணே ஒண்ணு தான் இருக்கும். மி-ல ம ஒண்ணு, ழ்-ல ழ ஒண்ணு, ஔ-ல ஔவே ஒண்ணு. அதனால முதல் வகையை மட்டும் எண்ணி ரெண்டாவது வகையை கண்டுக்காம விட்டா போதும்.

பைட்_பாண்டி:
அக்கா அதை பைட்டுக்கு மாத்தினா இன்னும் ஜோரா இருக்கு. ரெண்டாவது பைட் 174னா 46 பெருக்கல் 64, அது சரியா 2944, தமிழ் ஆரம்பிக்கற இடம். 175னா 3008. அப்போ 224, 174னு வந்து மூணாவது பைட் 131லருந்து 185க்குள்ள இருந்தா அது ஒரு எழுத்து. காலும் இகரக் கொக்கியும் 174லயே இருந்தாலும் அதுங்க மூணாவது பைட் 190, 191, தானா வெளில போயிடும். மத்த கொம்பு, புள்ளி, தமிழ் எண்கள் எல்லாம் 175. முன்னாடி வந்த ரெண்டு பைட்டை மட்டும் ஞாபகம் வச்சுக்க ரெண்டு வேரியபிள், வேற எதுவும் வேணாம். லைப்ரரியும் வேணாம் மண்ணும் வேணாம்.

கத்துக்குட்டி_ஒருத்தன்:
பைட் 34, குறி 14, எழுத்து 5. மூணும் வருது!! பிஓஎம், என்டர் எல்லாம் தானாவே விலகிடுச்சு. சின்ன சந்தேகம், கொ, கோ மாதிரி எழுத்துக்கு ரெண்டு பக்கமும் குறி வருதே அது ரெண்டா எண்ணாதா?

நிலாக்கா:
எண்ணாது. கொ-வை க போட்டு 3018ங்கற ஒரே குறியாவும் வைக்கலாம், க போட்டு கொம்பு (3014), கால் (3006)னு ரெண்டு குறியாவும் வைக்கலாம். திரைல ரெண்டும் ஒண்ணு, யூனிக்கோட் விதிப்படியும் ரெண்டும் சமம், ஆனா குறி எண்ணிக்கை ஒண்ணுல 2, இன்னொண்ணுல 3. ஒரே கட்டுரையை ரெண்டு கீபோர்டுல டைப் பண்ணி குறி எண்ணினா வேற வேற நம்பர் வர்றதுக்கு இது ஒரு காரணம், அதனால குறி எண்றதுக்கு முன்னாடி என்எஃப்சினு ஒரு நார்மலைசேஷன் (சமமான வடிவங்களை ஒரே மாதிரி ஆக்கறது) பண்ணிக்கறது வழக்கம். நீங்க எழுதின எழுத்து எண்ணற வழி க-வை மட்டும் பாக்கறதால ரெண்டுக்கும் 1 தான் சொல்லும்.

சோம்பேறி_கோடர்:
அப்போ க்ஷ? ஸ்ரீ? உங்க புரோகிராம் க்ஷ-வை 2னு எண்ணுமே 😏

பைட்_பாண்டி:
எண்ணட்டும். க் ஒண்ணு, ஷ ஒண்ணு. 247ல அது இல்லவே இல்லையே

சோம்பேறி_கோடர்:
கிரந்த எழுத்து வரிசை போட்டா ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷனு அதையும் ஒரு எழுத்தா தான் போடறாங்க. கண்ணுக்கும் ஒரே உருவம். ஸ்ரீ-யும் அப்படி தான், உள்ள 4 குறி இருக்கறது யாருக்கு தெரியும்

நிலாக்கா:
ரெண்டு பேரும் சொல்றதுல நியாயம் இருக்கு. யூனிக்கோட்ல மெய்க்கூட்டை பிரிக்காம ஒண்ணா வைக்கற விதி ஒண்ணை 15.1ல சேத்தாங்க, அப்போ அது தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளத்துக்கு மட்டும் தான், தமிழ் அந்தப் பட்டியல்ல இல்ல. அதனால அந்த விதிப்படி போற லைப்ரரி க்ஷ-வை 2னு தான் சொல்லும். ஒண்ணா எண்ணணும்னா க, புள்ளி, ஷ மூணும் வரிசையா வந்தா ஒண்ணை கழிச்சுடணும், ஸ்ரீக்கு ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. ஸ்ரீ-ல ஸ-வுக்கு பதிலா ஶ போட்டு எழுதற வழக்கமும் இருக்கு, ரெண்டையும் பாக்கணும். நான்னா பக்கத்துல ஒரு வரி எழுதிடுவேன், இந்த புரோகிராம் க்ஷ-வை இப்படி எண்ணுதுனு. சண்டை வராது.

பைட்_பாண்டி:
சண்டை வரும்க்கா, ஏற்கனவே வந்துடுச்சு

வெண்பாப்பித்தன்:
கொஞ்ச நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தவன், இதைப் பாத்ததும் கை சும்மா இருக்கல. நான் மரபுக்கவிதை எழுதறவன், புரோகிராமிங் அரைகுறை. கட்டளைக் கலித்துறைல ஒவ்வொரு அடிக்கும் எழுத்துக் கணக்கு உண்டு, நேரசைல தொடங்கினா 16, நிரையசைல தொடங்கினா 17, ஒற்றை நீக்கி எண்ணணும். அதாவது மெய்யெழுத்தும் ஆய்தமும் கணக்குல சேராது. இதை கையால எண்ணி எண்ணி விரல் தேயுது. உங்க 5 எழுத்து புரோகிராமை இதுக்கு திருப்ப முடியுமா?

பழைய_யூனிக்ஸ்காரன்:
அட இது தான்யா நிஜமான தேவை. ஐயா, உங்களுக்கு இன்னும் சுலபம். எழுத்து எண்ணிக்கைல இருந்து புள்ளி எண்ணிக்கையை கழிச்சுடுங்க. புள்ளி 224, 175, 141. ஆய்தம் 224, 174, 131, அதனால எழுத்தோட எல்லையை 131க்கு பதிலா 132லருந்து ஆரம்பிச்சா ஆய்தமும் போயிடும். 10ங்கற பைட் வந்தா அந்த அடியோட கணக்கை பிரின்ட் பண்ணிட்டு மறுபடி 0 ஆக்குங்க.

கடைசி அடிக்கு அப்புறம் என்டர் தட்டலேன்னா அந்த அடி பிரின்டே ஆகாது, லூப் முடிஞ்சு வெளில வந்ததும் மிச்சம் இருக்கானு ஒரு தடவை பாத்துக்கணும். டபிள்யூசி மைனஸ் எல்லும் வரிமுறிவை தான் எண்ணும், கடைசில என்டர் இல்லேன்னா ஒரு வரி குறைச்சு சொல்லும், நிறைய பேர் அதை பிழைனு நினைச்சுக்குவாங்க. அந்த டபிள்யூசி 1971ல வந்த முதல் யூனிக்ஸ்லயே இருந்தது, இன்னும் ஜனங்களை குழப்பிட்டிருக்கு.

கத்துக்குட்டி, உன் ஃபைலுக்கு ஒற்று நீக்கி 3 வரணும், த, மி, யா. போட்டுப் பாரு.

கத்துக்குட்டி_ஒருத்தன்:
3 வருது சார். இப்போ ஆசை வந்துடுச்சு, எந்த எழுத்து எத்தனை தடவை வருதுனும் பாக்கலாம்னு 256 சைஸ்ல ஒரு அரே எடுத்து பைட்டையே இன்டெக்ஸா போட்டேன். ஆங்கில ஃபைலுக்கு ஓடுது, தமிழ் ஃபைலுக்கு க்ராஷ். பைட் வேரியபிளை இன்ட் ஆக்கிட்டேன், ஆனா எஃப்ரீட் வச்சு மொத்தமா சார் பஃபர்ல படிக்கறேன்.

பைட்_பாண்டி:
அதான் மறுபடி சார். 224 சைன்ட் சார்ல மைனஸ் 32. அரேக்கு மைனஸ் 32வது இடத்துல போய் எழுதற, அங்க வேற யார் வீடோ இருக்கு. பஃபரை அன்சைன்ட் சார்னு போடு. அப்புறம் தமிழுக்கு பைட் அதிர்வெண் எடுத்து ஒண்ணும் புண்ணியம் இல்ல, எல்லா ஃபைல்லயும் 224 தான் ஜெயிக்கும். 128 சைஸ்ல அரே எடு, ரெண்டாவது பைட்ல 174 கழிச்சு 64ஆல பெருக்கி, மூணாவது பைட்ல 128 கழிச்சு கூட்டு, அது தான் இன்டெக்ஸ். தமிழ் குறி எல்லாம் அதுல அச்சா உக்காரும்.

எஃப்ரீட்ல 65536 பைட் பஃபர் வச்சா போதும். குறி பாதில வெட்டுப்பட்டா என்ன பண்றதுனு பயப்படாத, முன்னாடி வந்த ரெண்டு பைட்டும் வேரியபிள்ல இருக்கறதால அடுத்த பஃபர் வந்ததும் அது பாட்டுக்கு தொடரும், அந்த வேரியபிளை பஃபருக்கு பஃபர் 0 ஆக்காம இருந்தா சரி. மொத்த ஃபைலையும் மெமரில ஏத்தாத.

பழைய_யூனிக்ஸ்காரன்:
கவுன்ட்டுக்கு இன்ட் வச்சிருந்தா லாங் லாங் ஆக்கிடு. இன்ட் 2147483647ல தீந்துடும், 2 ஜிபி ஃபைல் இப்போ பெரிய விஷயமே இல்ல. வெறும் லாங் போட்டா லினக்ஸ் 64 பிட்ல தப்பிச்சுடுவ, விண்டோஸ் 64 பிட்ல லாங் இன்னும் 32 பிட் தான்.

குறுஞ்செய்தி_குமாரு:
எனக்கு இதுல எந்த நம்பர் வேணும்னு சொல்லுங்களேன். எஸ்எம்எஸ் அனுப்பற சின்ன ஸ்கிரிப்ட், ஒரு மெசேஜ்ல அடங்குமானு முன்னாடியே செக் பண்ணணும், இப்போ 160னு வச்சிருக்கேன், தமிழ் மெசேஜ் எல்லாம் துண்டு துண்டா போகுது, காசும் அதுக்கேத்த மாதிரி போகுது

நிலாக்கா:
குமாரு, 160ங்கறது 7 பிட் எழுத்துத்தொகுதிக்கு மட்டும். அதுக்குள்ள இல்லாத ஒரே ஒரு எழுத்து வந்தாலும் மொத்த மெசேஜும் 16 பிட்டுக்கு மாறிடும், எல்லை 70. அதையும் தாண்டி துண்டாச்சுன்னா ஒவ்வொரு துண்டுக்கும் 67 தான், மிச்சம் துண்டுகளை ஒட்டறதுக்கான தகவலுக்கு போயிடும். அந்த 70 விரல் கணக்கும் இல்ல, பைட் கணக்கும் இல்ல, 16 பிட் துண்டு கணக்கு. "தமிழ்"னு எழுதினா 5 போச்சு. ஜாவாஸ்கிரிப்ட் லெங்த் தர்றது தான் உங்களுக்கு வேணும். எமோஜி ஒண்ணு போட்டா குறைஞ்சது 2னு வச்சுக்கோங்க, பல எமோஜி அப்படி தான், அப்பா அம்மா பொண்ணு சேந்த குடும்ப எமோஜினா உள்ள மூணு பேரும் ரெண்டு ஒட்டுக்குறியும், அதுவே 8 துண்டு.

கண்ணுக்கு தெரியாததையும் பாருங்க. வேற இடத்துல இருந்து காப்பி பண்ண தமிழ்ல பூஜ்ய அகல இணைப்பு நீக்கி (226, 128, 140) அங்கங்க ஒளிஞ்சிருக்கும், உடையா இடைவெளி (194, 160) சாதாரண ஸ்பேஸ் மாதிரியே நிக்கும். ஒவ்வொண்ணும் கணக்குல ஒண்ணு தின்னுடும்.

குறுஞ்செய்தி_குமாரு:
நன்றி அக்கா, 70 மாத்திட்டேன்

வெண்பாப்பித்தன்:
ஓட்டிப் பாத்தேன், பிரமாதம்! ஒரு பதிகம் முழுசும் ஒரு நொடில எண்ணிடுச்சு. ஒரே ஒரு அடி மட்டும் 16 வரவேண்டிய இடத்துல 17 காட்டுது. கையால திரும்பத் திரும்ப எண்ணினேன், 16 தான். அடி நேரசைல தான் தொடங்குது. அதுல கௌரினு ஒரு சொல் இருக்கு, மத்ததெல்லாம் சாதாரண சொல்.

நிலாக்கா:
ஐயா, அந்த கௌ-வை கொம்பு, க, ள-னு டைப் பண்ணியிருப்பாங்க. ஔகாரக் குறி 3020னு தனியா இருக்கு, அதோட வலப்பக்கம் பாக்க ள மாதிரியே இருக்கறதால நிறைய பேர் 3014ங்கற கொம்பை போட்டு ள (2995)வை தனி எழுத்தா தட்டிடுவாங்க. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத ஃபான்ட்டும் உண்டு. புரோகிராம் அதை கெ, ள, ரினு மூணா எண்ணுது, நீங்க கௌ, ரினு ரெண்டா எண்றீங்க. என்எஃப்சி போட்டாலும் இது சரியாகாது, ஏன்னா யூனிக்கோடுக்கு அது உண்மையிலேயே வேற சொல்.

சோம்பேறி_கோடர்:
ஈஸி, கொம்புக்கு அப்புறம் ள வந்தா எல்லாத்தையும் ஔகாரமா மாத்திடு, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்

நிலாக்கா:
மாத்தினா தெளிவு, வெள்ளம், வெளி எல்லாம் நாசமாயிடும். அந்த ள-வுக்கு அடுத்து கொக்கியோ புள்ளியோ எதுவும் வராம வெறும் ள-வா நின்னா மட்டும் சந்தேகப்படலாம். பைட் கணக்குல 224, 175, 134 வந்து உடனே 224, 174, 179 வந்து, அதுக்கடுத்த குறி 3006லருந்து 3021க்குள்ள இல்லேன்னா வரி எண்ணோட பிரின்ட் பண்ணச் சொல்லுங்க. கௌரி, வௌவால், கௌதமன் தப்பா இருந்தா எல்லாம் மாட்டும்.

ஆனா லிஸ்ட் போடறதோட நிறுத்திக்கோங்க, தானா மாத்த விடாதீங்க. யாராவது பேச்சுவழக்குல வெளக்குமாறுனு எழுதியிருந்தா அதுல இருக்கறது அசல் ள.